பின்னால் வெறும் சுவர்

வெளிச்சம் இன்னும் படியில்தான் கிடக்கிறது. சுவருக்கு ஏறவில்லை. அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, வெளியே சூரியன் இறங்க இறங்க உள்ளே இது ஏறும், கால்வாய்ப் பக்கத்துச் சிமெண்டு ஜன்னலின் ஓட்டைகளில் நுழைந்து பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு வந்து ஒரு கதவளவுக்கு நிற்கும், அந்த நேரம் பார்த்து யாராவது படியேறி வந்து அந்தக் கதவுக்குள் நுழைய வேண்டும், நான் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் தொழில். தொழில் என்று சொன்னால் நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா வயிறு குலுங்கச் சிரிப்பாள். ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டி.வி. பார்க்க வேண்டிய வயது, கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில் தூணோடு தூணாக நிற்கிறாள். பறக்கும் ரயில் என்று பேர் வைத்தவன் நல்ல குசும்புக்காரன், அது பறந்து யார் பார்த்தது. ஆனால் இந்த நிலையங்களைக் கட்டியவனைக் கையெடுத்துக் கும்பிடலாம். இத்தனை பெரிய கட்டடம், இத்தனை கொஞ்சம் ஜனம். சென்னையில் கால் வைக்க இடமில்லை என்று அலறுகிறவர்கள் ஒரு மத்தியானம் இங்கே வந்து பார்க்கட்டும், கீழே ஒருத்தர் இருமினால் மேலே பிளாட்பாரத்துக்குக் கேட்கும். இங்கே வந்ததும் மனிதர்கள் யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்று நம்பிவிடுகிறார்கள். கூரியர்காரர் ஒருத்தர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பெண் போனில் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, கைப்பைக்குள் போனை வைத்ததும் முதல் வேலையாகப் புடவை மடிப்பைச் சரிபார்க்கிறாள். வாட்ச்மேன் ஒருத்தர் வேலைக்கு ஏறுமுன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, யாருக்கோ ஒரு சல்யூட் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். இதையெல்லாம் எடுத்திருக்கிறேன். எடுத்து என்ன, அவளிடம் காட்ட வேண்டும். இன்று வியாழக்கிழமை. அவள் வந்தால் இன்றைக்குத்தான் வரவேண்டும்.

பியூலா. சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாமா. இந்தக் கட்டடம் அதை வாங்கி மூன்று தளத்துக்கும் சொல்லும். வேண்டாம், கீழே டிக்கெட் கொடுக்கிற ஆள் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். அவள் வருவாள் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரத்தைக் கேட்டால் அவர் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒரு மங்கல். நான் எடுத்த ஒரு படத்தின் பின்னணியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மங்கல். மழைக்காலம் முடிகிற சமயம், இதே திருப்பத்தில், மேசை மின்விசிறி ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் மார்பில் சாய்த்துக்கொண்டு ஒருவர் ஏறி வந்தார். விசிறியின் இறக்கை காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் அதைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார், எடுத்துவிட்டேன். நல்ல படம். என் லென்ஸை எட்டடிக்குத் திருப்பிப் பூட்டிவைத்திருப்பேன், தெருவில் ஆள் வந்த பிறகு திருகிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார், அதனால் எட்டடியில் வருகிறவர் மட்டும் தெளிவாக விழுவார், அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கரைந்த கஞ்சிதான். விசிறிக்காரருக்குப் பின்னால், நாலைந்து படி கீழே, அந்தக் கஞ்சிக்குள் ஒரு பெண் ஏறி வருகிறாள். முகம் கிடையாது. புடவையா சுடிதாரா என்றால் புடவை. இடது கையில் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வலது கை சுவரில். உள்ளங்கை இல்லை, விரல் முட்டிகள். மடக்கிய விரல்களின் முட்டியைச் சுவரில் வைத்து, அதை உரசியபடியே ஏறுகிறாள். உலகத்தில் வேறு யார் அப்படிப் படியேறுவார்கள். நாங்கள் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் படிக்கட்டில், ராயப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனின் படிக்கட்டில், சினிமா தியேட்டரின் பால்கனிப் படிக்கட்டில், எங்கே ஏறினாலும் அவள் முட்டி சுவரில் உரசிக்கொண்டு வரும், ஏன்டி என்று கேட்டால், சுவருக்குத் தெரிய வேண்டாமா நான் வாரேன்னு, என்பாள்.

கோதண்டத்துக்கு அந்த மங்கல் பிடிக்கவில்லை. கோதண்டம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படக்காரர் குழுவின் செயலாளர், எல்.ஐ.சி.யில் பெரிய வேலையில் இருந்தவர், காமிராப் பையே ஒரு கல்யாணச் சீர் அளவுக்கு வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாங்கள் ஒரு படையாகக் கிளம்பி ஒரு பூக்கடைக்காரம்மாவைச் சூழ்ந்துகொள்வோம், அந்தம்மா பாவம் பூவைக் கட்டுவாளா, எங்களைப் பார்த்துச் சிரிப்பாளா. விசிறிக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினபோது அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மேடம், ஆள் சூப்பர். ஆனா பின்னாடி ஒரு அம்மா அசிங்கமா நிக்கறாங்க பாருங்க, அவங்களை வெட்டிடுங்க. அப்புறம் மேடம், படம்னா ஒரு கதை வேணும். உங்க படத்துல ஒண்ணுமே நடக்கறதில்லையே." ஒன்றும் நடக்காததைத்தான் ஐயா எடுக்கிறேன். நடப்பதை எடுக்கத்தான் செய்தித்தாள்காரர்கள் இருக்கிறார்களே. இது மனசுக்குள்தான். சரிங்க சார் என்று வாங்கிக்கொண்டு வந்து, விசிறிக்காரரை வெட்டிப் போட்டுவிட்டு அந்த மங்கலை மட்டும் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க அவள் இன்னும் கரைந்தாள். கடைசியில் ஒரு பழுப்புச் சதுரமும் ஒரு நீலச் சதுரமும்தான் மிச்சம். சுவரிலிருந்த கை மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டாக நின்றது. எட்டடிக்குப் பதிலாக இருபது அடிக்கு வைத்திருந்தால் முகம் கிடைத்திருக்கும். நான்தான் அவளை எட்டடிக்கு வெளியே விட்டேன். எடுத்த அன்று எனக்குத் தெரியவே இல்லை, அவள் ஏறி வந்திருக்கிறாள், என்னைத் தாண்டி, என் தோளை உரசாத குறையாகப் போயிருக்கிறாள், நான் குனிந்து விசிறிக்காரர் நன்றாக விழுந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் என்னைப் பார்க்கவில்லையா. பார்த்தும் யாரோ ஒரு கிழவி என்று போனாளா.

வெளிச்சம் ஒரு படி ஏறியிருக்கிறது. கீழே செருப்புச் சத்தம். இல்லை, ஆண். அலுவலகப் பை, டிபன் கூடை. வெளிச்சத்துக்கு வருமுன்பே போன் வந்து நின்றுவிட்டார், வரேன் வரேன், கொத்தமல்லி இருக்கு, புதினா இல்லை, என்கிறார். நிற்கட்டும். நான் எப்போது இப்படி நிற்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்ன, அவளோடு இருந்து ஒட்டிக்கொண்டது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் கருவி, கையில் லைனைச் சொருகுகிற கயிறு, மதுரை பேசுங்கள், கோயம்புத்தூர் பேசுங்கள், ஊர் முழுவதும் எங்கள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது, நாங்கள் கேட்கக் கூடாது, கேட்டோம். கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "ஏட்டி கரசி, அங்க பாரேன். அந்த மனுசன் செருப்பக் கழட்டுதான், மாட்டுதான், கழட்டுதான். என்ன யோசிக்கான்னு நெனைக்க?" மங்கையர்க்கரசி என்று எனக்கு அப்பா வைத்த பெயரை எல்லோரும் முன்பக்கம் பிடித்து மங்கை என்றார்கள், அவள் ஒருத்திதான் நடுவில் வெட்டிக் கரசி என்றாள். எட்டிப் பார்ப்பேன், கீழே எதிர்வாடைப் பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒருத்தன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொன்ன பிறகு தெரியும். அவன் ஊருக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறான், போனால் செருப்பு தேயும் என்று பார்க்கிறான், இல்லை, புதுச் செருப்பு, கடிக்கிறது, ஆனால் வாங்கிக் கொடுத்தவள் நினைப்பில் போட்டிருக்கிறான், இப்படி ஒரு மனிதனை வைத்து இருவரும் அரை மணி ஓட்டுவோம். அவளுக்கு நாசரேத் பக்கம். அப்பா உபதேசியார். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும், மீதியில் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு நல்ல புடவை, எனக்கு ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வா. ராயப்பேட்டை மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு, என் முருகனும் அவள் இயேசுவும் ஒரே அலமாரியில், மேல் தட்டு யாருக்கு என்று மாதாமாதம் முறை வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் எங்களை அக்கா தங்கை என்று நினைத்தார், யார் அக்கா என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை குழப்பம். அது என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளோடு இருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். இதைவிடச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

பிறகு எல்லா ஊருக்கும் நேராகவே போன் போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று, எங்கள் இணைப்புப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அவளுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல். அங்கே அவளுடைய சித்தப்பா ஒரு வரன் பார்த்திருந்தார், மனைவியை இழந்த வாத்தியார், இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்காகக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எழும்பூரில் ஏற்றிவிட்டேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, அழுகைகூட ரொம்ப இல்லை, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன், பண்ணினாள். அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும், அப்புறம் யாருடைய எண்ணோ மாறியது. இப்படித்தான் போகும், உதிர்ந்துபோகும். பேஸ்புக்கில் தேடேன் என்று குழுவில் ஒருத்தி சொன்னாள், போன ஜென்மத்து ஆளையே பிடித்துக் கொடுக்கிறதாம். தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுவாள். கிடைத்தால், யாரு, என்று கேட்பாள். எக்ஸ்சேஞ்சில் இருந்தோமே, ராயப்பேட்டை, என்று நான் அடையாளம் சொல்ல வேண்டும், ஆ, ஆமாமா, எப்படி இருக்கீங்க, என்பாள். அந்த ஆமாமாவை என்னால் தாங்க முடியாது. தெருவில் தானாக எதிர்ப்பட வேண்டும். நான் வாய் திறக்குமுன் அவள் முகத்துக்கு என்னைத் தெரிந்துவிட வேண்டும். பிறகு பேசாமல் போனாலும் போகட்டும். ஆனால் தெரியுமா. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைச் சட்டென்று தெரிவதில்லை. அப்போது இடுப்புக்குக் கீழே பின்னல், இப்போது காதோடு கத்தரித்த வெள்ளை முடி. அப்போது ஒல்லிக்குச்சி. மூக்குக் கண்ணாடி கிடையாது. குரலைக் கேட்டால் தெரிந்துகொள்வாள், டிரங்க் லைனில் இரைச்சலுக்கு நடுவில் என் குரலைப் பிரித்தெடுக்கிறவள். ஆனால் இந்த வேலைக்கு வந்த பிறகு நான் வாயைத் திறப்பதே இல்லையே. தெருவில் படம் எடுக்கிறவள் சத்தம் போட்டால் முன்னால் இருப்பது கலைந்துவிடும். பேசியே சம்பளம் வாங்கினவள் இப்போது நாள் முழுக்க ஊமையாகத் திரிகிறேன், ஊரெல்லாம் பார்த்ததை ராத்திரிச் சோற்றின்போது சொல்ல ஆளில்லை, அதனால்தான் எடுக்கிறேன் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு பாரேன். பியூ, இந்த வாட்ச்மேனைப் பாரேன். பியூ, இந்த விசிறியைப் பாரேன்.

"என்னம்மா, இன்னிக்கும் ஆஜரா?" இலக்கியா. ரயில்வே போலீஸ் பெண், மேலே பிளாட்பாரத்தில் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. முதல் நாள் இங்கெல்லாம் எடுக்கக் கூடாதும்மா என்று விரட்ட வந்தவள், சுவரையா எடுக்கறீங்க, என்று குழம்பிப்போய், இப்போது வியாழக்கிழமை தோறும் நலம் விசாரிக்கிறாள். "உக்காருங்களேன், கால் வலிக்கப்போவுது. அப்படி யாருக்கும்மா காத்துட்டிருக்கீங்க?" வெளிச்சத்துக்கு என்றேன். "அது டெய்லி வருதே. நீங்க வியாழக்கிழமை மட்டும்தானே வரீங்க." போலீஸ்காரி இல்லையா. விசிறிக்காரர் வந்தது ஒரு வியாழக்கிழமை என்று இவளிடம் எப்படிச் சொல்வது. அது பியூலா பேத்தியைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்புகிற நாளாக இருக்கலாம், இல்லை ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை காட்டுகிற நாளாக இருக்கலாம், எதுவானாலும் கிழமை வைத்துத்தான் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பது தெருவில் நின்று தெரிந்துகொண்டது. அந்த இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி சென்னைக்கு வாழ வந்திருப்பாள், அம்மாவைக் கூட வைத்துக்கொண்டிருப்பாள். வாத்தியார் இருக்கிறாரோ இல்லையோ. "என் ஃபோட்டோ ஒண்ணு எடுத்துத் தாங்கம்மா ஒருநாள், யூனிஃபார்மோட." எடுக்கிறேன்மா என்றேன். இப்போதே தொப்பியைச் சரிசெய்து, தாடையைத் தூக்கி, விறைத்த அட்டையாக நின்று காட்டினாள். அவள் அட்டையாக நின்றதை எடுக்க மாட்டேன், நின்று முடித்து, யாருக்கும் தெரியாமல் பெருமூச்சு விட்டு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவாள் பாருங்கள், அதைத்தான் எடுப்பேன். சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள். பூட்ஸ் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வந்துவிட்டது. சுவரில் கதவு திறந்துவிட்டது. காரைப்பூச்சு எல்லாம் தேன் நிறமாக, ஓட்டைகளின் நிழல் பூப்பூவாக, அடடா, இதற்குள் யார் வந்தாலும் அழகாகிவிடுவார்கள். லென்ஸ் எட்டடி. வெளிச்சக் கட்டமும் எட்டடி தள்ளித்தான். ஒரு பெண் வந்தாள், காய்கறிப் பை, மூச்சு வாங்க ஏறினாள், கை சுவரில் இல்லை, கைப்பிடிக் கம்பியில். அவள் இல்லை. எடுக்கவும் இல்லை. இப்படியே போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் ஒருத்தி ஒருத்தியாக அவள் இல்லை அவள் இல்லை என்று கழித்துக்கொண்டு நின்றேன், நல்ல படங்களையெல்லாம் விட்டேன். ஒருவேளை அந்த மங்கல் அவளே இல்லையோ. யாரோ ஒரு பெண், தலை சுற்றியிருக்கும், விழாமலிருக்கச் சுவரைத் தொட்டிருப்பாள். ஒரு வெள்ளைப் பொட்டை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு கட்டிவிட்டேனோ. கட்டினால் என்ன, யார் குடி முழுகிப்போயிற்று. ஆனால் குளிர்ந்துபோகிறது உள்ளே. அவள் பாளையங்கோட்டையில் நிம்மதியாக வெயிலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருப்பாள், நான் இங்கே. கட்டத்தின் கீழ் விளிம்பு மங்க ஆரம்பித்துவிட்டது. இன்றும் அவ்வளவுதான் என்று காமிராவைத் தாழ்த்தப் போனேன், கீழ்த் திருப்பத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரசரவென்று மெல்லிய உரசல். காரையில் எலும்பு உரசுகிற சத்தம். கண்ணுக்கு முன் காது கண்டுகொண்டது. முதலில் வந்தது கைதான், மடக்கிய விரல்கள், நரம்பு ஓடிய புறங்கை, பிறகு நீலப் புடவையின் தலைப்பு, பிறகு நரைத்த கூந்தல். தலை குனிந்து படியைப் பார்த்து ஏறி வருகிறாள். பியூலாதான். பியூலாவேதான். மனசு எழுந்து நின்றுவிட்டது, வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது, கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. காமிரா தானாகக் கண்ணுக்கு ஏறியது. அவள் கட்டத்துக்குள் வந்தாள், நிமிர்ந்தாள், விரல் அழுத்தியது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவே நாக்கு கூசுகிறது. தெருவில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். எடுத்த ஆள் நிமிர்ந்து நம்மைப் பார்த்துவிட்டால் பதறக் கூடாது, சிரிக்கக் கூடாது, காமிராவை இறக்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக, பின்னால் இருக்கும் எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் ஓகோ, நம்மை இல்லை, பின்னால் இருப்பதை எடுக்கிறாள், நாம்தான் குறுக்கே வந்துவிட்டோம் என்று நகர்ந்துவிடுவார். ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆயிரம் பேரை இப்படி அனுப்பியிருக்கிறேன், இமை மூடித் திறப்பதுபோல அது எனக்கு. பியூலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கண் அவள் முகத்தைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலே, கீழ்த் திருப்பத்துச் சுவருக்குப் போய்விட்டது. முழுவதும் அந்நியரைப் பார்க்கிற கண். காமிராவையும் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். பியூலா நின்றாள். மெல்லத் திரும்பி, நான் பார்க்கிற திசையில் பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது, வெற்றிலைக் கறையும் உரிந்த சுண்ணாம்பும். மறுபடி என் பக்கம் திரும்பினாள். நான் இன்னும் காமிராவுக்குள் இருந்தேன், வெளியே வரத் தெரியாமல். "சாரிங்க," என்றாள். "குறுக்க வந்துட்டேன் போல. நீங்க எடுங்க." அதே குரல். அடியில் கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருந்தது, மற்றபடி மதுரை லைனில் இருங்கள் என்று சொன்ன அதே குரல். அதில் ஒரு ங்க. என் தோளை ஒட்டி ஏறிப்போனாள், சாதாரண பவுடர் வாசனை, புடவைச் சலசலப்பு, முட்டி சுவரில் உரசுகிற சத்தம் மேலே மேலே போயிற்று. நான் திரும்பவில்லை. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. இத்தனை வியாழக்கிழமை எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, கால் மரத்துப்போனதுபோல உடம்பு முழுக்க மரத்துப்போனது. படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு கிழவி சுவரைப் படம் எடுக்கிறாள் என்று போய்விட்டாள். சரி. பார்த்தாயிற்று. நன்றாக இருக்கிறாள், நடக்கிறாள், கன்னத்தில் சதை இருக்கிறது. அது போதாதா. போதவில்லை. எனக்குப் போதவில்லை.

மேலே தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. எடுத்ததும் திரையைப் பார்ப்பது இன்னொரு பழக்கம், கை தானாகப் பொத்தானை அழுத்தியது, கட்டடம் இடிந்து விழுந்தாலும் படம் விழுந்ததா என்று பார்க்கிற ஜாதி நாங்கள். விழுந்திருந்தது. கூர்மையாக. எட்டடி. இமை முடி எண்ணலாம் போல. தேன் வெளிச்சத்துக்குள் பியூலா நிமிர்ந்திருக்கிறாள், இரண்டு புருவமும் நெற்றிக்கு ஏறியிருக்கிறது, கொசுவத்தை விட்டுவிட்டாள், இடது கை பாதி உயர்ந்து விரல்கள் விரிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது, சிரிப்பு தொடங்கிக் கண்வரைக்கும் போய்விட்டது. குறுக்கே வந்துவிட்டவள் முகமா இது. என்னைக் கண்ட முகம். வெள்ளை முடியோடு, கண்ணாடியோடு, பாதி முகத்தைக் காமிரா மறைத்திருக்க, ஒரு நொடியில் என்னைக் கண்டுபிடித்துவிட்ட முகம். கூப்பிட வாயைத் திறந்திருக்கிறாள். அதைத்தான் நான் தோளுக்கு மேலாகத் தாண்டிப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தது சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க இல்லை, தன் பழைய சிநேகிதி தன்னை விட்டுவிட்டு எதைப் பார்க்கிறாள் என்று பார்க்க. அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்க்கிறேன் அவளைப் பார்க்காமல். அந்த ங்க அதற்குப் பிறகு வந்தது. ஐயோ பியூ.

முழங்காலாவது மண்ணாவது, இரண்டு இரண்டு படியாக ஏறினேன், காமிரா மார்பில் மோதி மோதி வலித்தது, கழற்றி அங்கேயே படியில் வைத்தேன், யார் எடுத்துப் போனால் என்ன. பிளாட்பாரத்துக்கு வந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது, பெண்கள் பெட்டி நடுவில், நான் ஒரு கோடியில். ஓடினேன். ஓட்டமா அது, தாவி நடந்தேன். ஊதல் கேட்டது. நீலப் புடவை, மூன்றாவது ஜன்னல், கம்பிக்கு உள்ளே, மடியில் பையை வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்து நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அழுகிறாளா, முகம் கல்லாக இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணாடியில் மூச்சு படிந்துவிட்டது. ரயில் நகர்ந்தது. வாய் திறக்கவில்லை, இத்தனை வருஷம் பொத்திவைத்த வாய், பிறகு திறந்துகொண்டது, எக்ஸ்சேஞ்சில் இரைச்சலான லைனில் கத்துவோமே அந்தக் கத்தல். "பியூலா! ஏட்டி பியூலா! நான் சுவத்த எடுக்கலடி! உன்னத்தான் எடுத்தேன்! உன்னத்தான்டி!" கூரை அதை வாங்கி நீளமாக உருட்டியது. பிளாட்பாரத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பெட்டிக்குள் ஒரு தலை திரும்பியது, அவளுடையதா, அடுத்த இருக்கைக்காரியுடையதா, ஜன்னல்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டன. கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டியும் வளைவில் போய்விட்டது, கால்வாய் நாற்றமும் சாயங்காலமும் மிச்சம்.

இலக்கியா ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னம்மா, விழுந்துடப்போறீங்க, என்று பெஞ்சில் உட்காரவைத்தாள், தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். என் முகம் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் என்னைப் பார்த்துக் குழம்பினாள்.

"யாரும்மா அவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தண்ணீரை விழுங்கிவிட்டு, "அவளுக்கு என்னைத் தெரியும்மா," என்றேன்.